அரசு நீங்கிய ஊர்களும் ஆதரித்த தறிகளும்

நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்படும் நாம் பெரும்பாலும் டில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்று பெருநகரங்களையே குறித்துக்கொள்கிறோம். ஒருகாலத்தில் அரசிருக்கைகளாய் விளங்கிப் பின்னர்ச் சிற்றூர்களாய்ச் சுருங்கிய இடங்களை அவ்வளவாக நினைப்பதில்லை. அவற்றுள் நம் மனத்திற்கு மிக உகந்தவை மூன்று: மேற்கு வங்காளத்தின் விஷ்ணுபூர், மத்தியப் பிரதேசத்தின் சந்தேரி, மகேசுவர். அரசு நீங்கிய பின் ஓர் ஊர் எதனால் வாழ்கிறது என்னும் வினாவுக்கு இம்மூன்றும் விடை கூறுகின்றன.

விஷ்ணுபூர் மல்ல மன்னர்களின் தலைநகரம். வங்கச் சமவெளியில் சிற்ப வேலைக்கேற்ற கல் அரிது. வண்டல் மண்ணோ மிகுதி. ஆகவே, செங்கல்லையும் செம்புரைக் கல்லையும் கொண்டே அம்மன்னர்கள் கோயில்களை எடுத்தார்கள். 1643இல் ரகுநாத சிங் எழுப்பிய சியாம ராயர் கோயிலின் சுவர்களில் கண்ணன் லீலைகளும் இராமகாதைக் காட்சிகளும் சுடுமண் பலகைகளாய் நிறைந்திருக்கின்றன. கோயிற்கூரையின் வளைவோ வங்கத்துக் குடியானவனின் குடிசைக் கூரையை ஒத்தது! 1806இல் நிலவரிப் பாக்கிக்காக மல்லர்களின் ஜமீன் ஏலம் போயிற்று. ஆயினும் ஊர் மறையவில்லை. முர்ஷிதாபாத்தை அடுத்த பாலுசரில் பிறந்து, பிற்காலத்தில் வழக்கொழிந்த பாலுசரிப் பட்டு, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் விஷ்ணுபூர்த் தறிகளில் மறுபிறவி எடுத்தது. கோயிற்சுவரில் கண்ட உருவங்களை இன்று சேலையின் முந்தானையிலும் காண்கிறோம்.

சந்தேரி, மாளவத்திற்கும் புந்தேல்கண்டிற்கும் இடையே வழிகாத்து நின்ற கோட்டை நகரம். 1528இல் பாபர் இதனை மேதினி ராயிடமிருந்து கைப்பற்றினார். அதன் பின்னரும் ஆட்சிகள் பல மாறின. கோட்டை பாழ்பட்டது, பட்டும் பருத்தியும் கலந்து நெய்யும் மெல்லிய துணியே ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது.

நருமதையின் வடகரையிலுள்ள மகேசுவரிலிருந்துதான் அகல்யாபாய் ஹோல்கர் 1767 முதல் 1795 வரை ஆட்சி புரிந்தார். வெளியூர் நெசவாளரை அழைத்து இங்கே குடியேற்றியவரும் அவரே என்பது மரபு. 1818இல் ஹோல்கர்களின் தலைநகரம் இந்தூருக்கு மாறியது. காலப்போக்கில் அரண்மனையின் ஆதரவு குன்றவே, தறிகளும் குறைந்தன. 1970களின் இறுதியில் நெசவாளர்களுக்கென ஒரு சங்கம் தோன்றிய பின்னரே தொழில் மீண்டும் தழைத்தது.

இவற்றால் நாம் அறிவது யாது? கைத்தொழில் தானாக நிலைப்பதில்லை. வாங்குவோர் இருந்தால்தான் நிலைக்கும். அன்று அரசவை வாங்கியது. இன்று வாங்க வேண்டியவர்கள் நாம். விசைத்தறியில் நெய்த போலிச் சரக்கு மலிவாய்க் கிடைக்கும் இக்காலத்தில், சந்தேரித் துணிக்கு 2005இல் கிடைத்த புவிசார் குறியீடு ஓரளவே காப்பளிக்கும். ஆகவே, இவ்வூர்களின் வழியே செல்லும்போது ஒரு நாளேனும் தங்குவோம். கோட்டையையும் கோயிலையும் கண்ட பின், தறி ஒலிக்கும் தெருவிலும் நடந்து, நெய்தவர் கையாலேயே ஒரு துணியைப் பெற்று வருவோம்.