'தரோலி' – ஒரு சொல்லைத் தீர விசாரித்த கதை



ஆங்கிலத்தில் 'தரோலி' என்றொரு வினையடை உண்டு. வினாத்தாளின் முகப்பிலும், மருந்துப் புட்டியின் ஒட்டுத்தாளிலும், கைகழுவும் தொட்டிக்கு மேலே உள்ள அறிவிப்பிலும் நம் பிள்ளைகள் இச்சொல்லைக் காண்கிறார்கள். 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்று வந்தபோது இச்சொல் கண்ணில் படாத நாளே இல்லை. "பொருள் என்ன?" என்று பிள்ளைகள் கேட்டால், 'முழுமையாக' என்று கூறிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒரு மாணவியின் கேள்வி என்னை நிறுத்தியது.

பல ஆண்டுகளுக்கு முன்னர், ஐந்தாம் ஆண்டு வகுப்பில் 'துருவித் துருவி' என்னும் அடுக்குத்தொடரை விளக்கிக்கொண்டிருந்தேன். தேங்காயைச் சுரண்டி எடுப்பதும் துருவுதல், துளையிடுவதும் துருவுதல், விடாமல் தேடி ஆராய்வதும் துருவுதல். அப்பொழுது ஒரு மாணவன், "ஐயா, ஆங்கிலத்தில் 'தரோ' என்பதும் இதே பொருள்தானே?" என்றான். எனக்கு ஒரே உற்சாகம். 'துருவு' என்னும் தமிழ்ச் சொல்லே கடல் கடந்து 'தரோ' ஆயிற்று என்று அந்த நொடியிலேயே அறிவித்துவிட்டேன். வகுப்பு கைதட்டியது. அவ்வார இறுதியில் நடந்த பெற்றோர் கூட்டத்திலும் அதையே பெருமையோடு சொன்னேன். அங்கும் கைதட்டல்.

மறுவாரம் ஒரு மாணவி எழுந்து நின்றாள். "ஐயா, ஆங்கிலேயர் அந்தச் சொல்லை நம்மிடமிருந்து எப்பொழுது வாங்கினார்கள்?"

என்னிடம் விடை இல்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். அந்த நாளை வருவதற்கு மூன்று வாரங்கள் ஆயின.

சொல்லின் வழித்தடம்

நூலகத்தில் பெரிய ஆக்சுபோர்டு அகராதியை எடுத்து அமர்ந்தேன். முதல் செய்தியே வியப்பாக இருந்தது. 'ஊடாக' என்று பொருள்படும் 'த்ரூ' என்னும் சொல்லும், 'தரோ' என்னும் சொல்லும் தொடக்கத்தில் ஒரே சொல். பழைய ஆங்கிலத்தில் அது ஏறத்தாழ 'துர்ஹ்' என ஒலித்தது. ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளிவருதல் என்பதே அதன் பொருள்.

பின்னர் அச்சொல் இரண்டாகப் பிரிந்தது. அழுத்தி ஒலித்த இடங்களில் ஈரசையாக நீண்டு 'தரோ' ஆயிற்று. நம் வேற்றுமை உருபுகளைப்போல வேறொரு சொல்லைச் சார்ந்து விரைவாக ஒலித்த இடங்களில் ஓரசையாகி 'த்ரூ' ஆயிற்று. கோட்டையைக் குறித்த 'புர்ஹ்' என்னும் பழஞ்சொல் 'பரோ' என நீண்டதும் இதே முறையில்தான். 1590-களில்கூட இவ்விரண்டும் முற்றாகப் பிரிந்துவிடவில்லை. சேக்சுபியர் தம் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தில் 'தரோ' என்பதை 'ஊடாக' என்னும் பொருளிலேயே ஆள்கிறார்.

உறவுச் சொற்கள் சிலவும் அகப்பட்டன. மூக்குத்துளையைக் குறிக்கும் 'நாஸ்ட்ரில்' என்னும் சொல்லின் பின்பாதி, துளை என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்; அது 'துர்ஹ்' என்பதிலிருந்து பிறந்தது. இன்று சிலிர்ப்பைக் குறிக்கும் 'த்ரில்' என்னும் சொல்லுக்கும் முதற்பொருள் துளைத்தல்தான். 'தரோஃபேர்' என்பது இரு முனையும் திறந்திருக்கும் பாதை. நம் நாட்டுத் தெருக்களில் 'ஜாலான் மாத்தி' என்று ஒரு பலகை நிற்குமே, அத்தகைய முட்டுச்சந்துக்கு நேர் எதிரானது அது.

ஆக, 'தரோலி' என்பதன் உள்ளே ஒரு பயணம் இருக்கிறது. ஒரு செயலின் ஒரு முனையில் நுழைந்து, நடுவில் எதையும் தாவாமல், மறுமுனையில் வெளிவருவதே அதன் கருத்து. முழுமையும் கவனமும் ஒரே சொல்லில் சேர்ந்திருப்பது இதனால்தான்.

மாணவியின் கேள்விக்கு விடை

அப்படியானால் 'துருவு' என்பதற்கும் இதற்கும் உறவு உண்டா? பொருள் ஒக்கிறது, ஒலியும் ஒக்கிறது. ஆயினும் வரலாறு ஒப்பவில்லை.

ஆல்பிரட்டு மன்னர் 871 முதல் 899 வரை ஆண்டார். அக்கால ஆங்கில நூல்களிலேயே 'துர்ஹ்' பரவலாக வழங்குகிறது. ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பனி தோன்றியதோ 1600-இல். அவர்கள் சென்னையில் இடம்பெற்றது 1639-இல். செருமானியம், டச்சு ஆகிய மொழிகளிலும் இச்சொல்லின் உடன்பிறப்புகள் உள்ளன. நான்காம் நூற்றாண்டில் விவிலியம் பெயர்க்கப்பட்ட கோத்திய மொழியிலும் அது இருக்கிறது. சமற்கிருதத்தில் 'குறுக்காக, கடந்து' என்று பொருள்படும் 'திரஸ்' என்பதும் இக்குடும்பத்துச் சொல்லே. யாக்கோபு கிரிம் 1822-இல் விளக்கிய ஒலிமாற்ற விதியின்படி, சமற்கிருதத்தின் தகரம் ஆங்கிலத்தில் காற்றொலியாக மாறும். மூன்றைக் குறிக்கும் 'திரி' அங்கே 'த்ரீ' என்று நிற்பது அதற்குச் சான்று.

தமிழோ வேறொரு குடும்பம். பிரான்சிசு ஒய்ட் எல்லிசு 1816-இல் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் வேர்ச்சொற்களை வரிசையாக ஒப்பிட்டு, இவை தனிக்குடும்பம் என்று காட்டினார். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் அதனை விரிவாக நிறுவியது. கவனியுங்கள்: அவர்கள் ஒரேயொரு சொல்லின் ஒலியை வைத்துக்கொண்டு முடிவு கூறவில்லை. வேர்கள், இடப்பெயர்கள், எண்கள், வினைவடிவங்கள் என்று ஒவ்வொன்றாகக் கடந்து வந்தார்கள். தமிழின் தனித்தன்மை உலகுக்குத் தெளிவானதே அத்தகைய உழைப்பால்தான். அதன் பயனை நுகரும் நான், அந்த உழைப்பைச் செய்யாமல் ஒரு நொடியில் முடிவு கூறிவிட்டேன்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்கள் மெய்யாகவே இருக்கின்றன. கட்டுமரம் 'கட்டமரான்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. ஐரோப்பியர் நம் கடற்கரைக்கு வந்த பின்னரே இவை ஆங்கில எழுத்தில் தோன்றுகின்றன. யார் கேட்டாலும் "எப்பொழுது?" என்பதற்கு இவற்றுக்கு விடையுண்டு. நம் பெருமைக்கு இவை போதும், பொய்ச்சான்று தேவையில்லை.

ஓர் ஆசிரியரின் அகராதி

நான் புரட்டிய அந்த அகராதியின் வரலாறே இச்சொல்லுக்குச் சிறந்த விளக்கம். இலண்டன் மொழியியற் கழகத்தார் 1857-இல் இப்பணியைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினர். 1879-இல் சேம்சு மரே பொறுப்பேற்றார். அவர் பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். பின்னர்த் தாமே கற்று ஆசிரியரானவர். பொறுப்பேற்ற காலத்தில் மில் இல் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

பத்தாண்டுகளில் முடித்துவிடலாம் என்பது திட்டம். ஐந்தாண்டுகள் கழித்து, 1884-இல் முதற்பகுதி வெளிவந்தபோது, எறும்பைக் குறிக்கும் 'ஆன்ட்' என்னும் சொல்வரைதான் வந்திருந்தார்கள். காரணம் சோம்பல் அன்று. ஒவ்வொரு சொல்லும் முதன்முதலில் எழுதப்பட்ட இடத்திலிருந்து அவர்கள் காலம்வரை எப்படி நடந்து வந்தது என்பதைச் சான்றுகளோடு காட்ட வேண்டும் என்று உறுதி கொண்டிருந்தார்கள். தன்னார்வலர்கள் நூல்களைப் படித்துச் சிறுதாள்களில் மேற்கோள்களை எழுதி அனுப்பினார்கள். மரேயின் பிள்ளைகளும் அந்தத் தாள்களை அகர வரிசையில் அடுக்கினார்கள்.

1928-இல் அகராதி நிறைவுற்றது. 4,14,825 சொற்கள், 18,27,306 மேற்கோள்கள். மரே அதைக் காணவில்லை; 1915-இல் மறைந்தார். 'தரோ' இடம்பெறும் எழுத்துப் பகுதியைப் பதிப்பித்தவர் அவரே.

இத்தனை கவனத்திலும் ஒரு சொல் தவறியது. அடிமைப்பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்டு' என்னும் சொல்லின் தாள்கள் எங்கோ விடுபட்டுப்போயின. அவர்கள் அதை மறைக்கவில்லை. 1933-இல் வெளிவந்த பின்னிணைப்பில் அச்சொல்லைச் சேர்த்தார்கள். பிழையே நேராதிருத்தல் அன்று இச்சொல்லின் பொருள். பிழை தெரிந்ததும் திரும்பிச் சென்று திருத்துதலும் அதில் அடங்கும் என்று எனக்குத் தோன்றியது.

முழுமை மட்டும் போதுமா?

இச்சொல்லுக்கு வரலாற்றில் இன்னொரு முகமும் உண்டு. 1630-களில், முதலாம் சார்லசு மன்னரின் அமைச்சர் தாமசு வெண்ட்வொர்த்தும், காண்டர்பரிப் பேராயர் வில்லியம் லாடும் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களில் தங்கள் ஆட்சிமுறைக்கு 'தரோ' என்றே பெயரிட்டனர். எந்தத் தடைக்கும் நிற்காமல் அரசனின் ஆணையைக் கடைசிவரை செலுத்துவது என்பது அதன் கருத்து. வெண்ட்வொர்த்து அயர்லாந்தை அப்படித்தான் ஆண்டார். நிருவாகம் சீரானது, ஆனால், எதிர்த்தவர்களின் குறையைக் கேட்பார் இல்லை. பகை பெருகியது. 1641-இல் அவரும், 1645-இல் லாடும் தலை வெட்டப்பட்டு மாண்டனர். கடைசிவரை செல்லும் உறுதி மட்டும் இருந்து, வழியில் இருப்பவற்றைப் பார்க்கும் கண் இல்லையானால் என்ன ஆகும் என்பதற்கு இது சான்று.

வகுப்பறையில் எப்படிக் கற்பிக்கலாம்?

'கம்ப்ளீட்லி' என்பது செயலின் முடிவைப் பார்க்கிறது. 'தரோலி' என்பது செயலின் வழியைப் பார்க்கிறது. வீட்டுப்பாடத்தில் பத்து வினாவுக்கும் விடை எழுதிவிட்டால் அது முன்னது. ஒவ்வொரு விடையையும் வினாவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்திருந்தால் அது பின்னது. "முற்றிலும் மறந்துவிட்டேன்" என்பதற்கு முன்னதே பொருந்தும். மறதிக்குக் கவனம் ஏது?

மலாய் மொழியில் இதற்கு இரு சொற்கள் வழங்குகின்றன. கவனத்தைச் சொல்ல 'தெலித்தி'. பரப்பைச் சொல்ல 'மெஞெலுரு'. இரண்டையும் அறிந்த நம் பிள்ளைகளிடம், ஆங்கிலச் சொல்லில் இவ்விரண்டும் சேர்ந்திருக்கின்றன என்று கூறினால் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

தமிழிலோ வினைக்கு ஏற்ற அடை வரும். கையை விரலிடுக்கும் விடாமல் கழுவுகிறோம். பாடத்தை வரி விடாமல் படிக்கிறோம். இறைச்சியை உள்வரை வேகவைக்கிறோம். மழையில் தொப்பலாக நனைகிறோம். நாடகத்தை மனமார இரசிக்கிறோம். செய்தியை அலசி ஆராய்கிறோம். வழக்கைத் தீர விசாரிக்கிறோம். ஐயந்திரிபறக் கற்கிறோம். ஆங்கிலத்தில் இவ்வளவுக்கும் 'தரோலி' ஒன்றே. எல்லா இடத்திலும் 'முழுமையாக' என்று பெயர்த்தால் நம் சொற்கள் வீணே உறங்கும். இந்த எட்டு வாக்கியங்களையும் பலகையில் எழுதி, அடைகளை மட்டும் அழித்துவிட்டு, பிள்ளைகளை நிரப்பச் சொல்லுங்கள். நல்ல பயிற்சியாக அமையும்.

திருத்தம்

மூன்று வாரங்கள் கழித்து வகுப்பின் முன் நின்று, "நான் சொன்னது தவறு" என்று கூறினேன். கண்டறிந்தவற்றை வரிசையாகப் பலகையில் எழுதினேன். அடுத்த பெற்றோர் கூட்டத்திலும் அதையே சொன்னேன். இம்முறை கைதட்டல் இல்லை. ஒரு தந்தையார் மட்டும் என்னிடம் வந்து, "என்ன ஐயா, நன்றாகத்தானே இருந்தது?" என்று வருத்தப்பட்டார். அவரது வருத்தம் எனக்குப் புரிந்தது. சிறுபான்மையினராய் வாழும் இடத்தில் மொழிப்பெருமை நமக்கு ஊன்றுகோல். ஆனால், ஊன்றுகோல் உளுத்திருந்தால் சாய்ந்தவர்தானே விழுவார்? நாளை நம் பிள்ளை பல்கலைக்கழகத்தில் அந்தக் கூற்றைச் சொல்லி, "எப்பொழுது?" என்ற கேள்விக்கு விடையின்றி நிற்கக்கூடாது.

கேள்வி கேட்ட மாணவி, "அப்படியென்றால் 'துருவு' யாரிடமும் போகவில்லையா, ஐயா?" என்றாள்.

"இல்லையம்மா, நம்மிடமேதான் இருக்கிறது. நீ அதைத்தான் செய்தாய்" என்றேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை "எப்பொழுது?", "எப்படித் தெரியும்?" என்று கேட்டால் அடக்கிவிடாதீர்கள். விடை தெரியாவிட்டால், சேர்ந்து தேடுங்கள். ஆசிரிய நண்பர்களே, கைதட்டல் கிடைத்த செய்தியை ஒருமுறை கூடுதலாகவே சரிபாருங்கள்.