சுற்றுக்குச் சுற்று எழுதிய நோட்டு

குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் மூன்றும் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் அடக்கம். வெளியூர் நண்பர்கள் பலருக்கு இது தெரியாது. 2019 ஏப்ரல் 18, ஓட்டுப்போட்ட அன்றைக்கே பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். ஆகவே மே 23 எண்ணிக்கை எங்களுக்கு வெறும் கணக்கு அல்ல.

டிவிக்காரர்கள் மதியத்துக்குமேல் டெல்லியையே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நோட்டில் கோடு போட்டு, சுற்றுக்குச் சுற்று எழுதி, நம் செட் நண்பர்களுக்குப் போனில் சொன்னேன். முன்னிலை மாறிக்கொண்டே இருந்தது. "யாருப்பா ஜெயிக்கிறது?" "எண்ணி முடியட்டும், பொறுங்க."

ராத்திரி வெகுநேரம் கழித்துத்தான் முடிவு: பானைச் சின்னத்தில் நின்ற தொல். திருமாவளவன், அ.தி.மு.க. சந்திரசேகரை 3,219 ஓட்டில் ஜெயித்தார். ஆளுக்கு ஏறத்தாழ 5 லட்சம் ஓட்டு. சைட்டில் நாங்க அளவுப் பிழைன்னு தள்ளிவிடுகிற வித்தியாசம்!