குழியடுப்புக் கரியும் ஈஸ்டர் தீவின் காடும்

ஈஸ்டர் தீவின் காடு அழிந்த கதையில் மோவாய் எனப்படும் பெரிய கற்சிலைகளுக்குக் கிடைத்த கவனம் அடுப்புகளுக்குக் கிடைத்ததில்லை. சிலைகளை நகர்த்த மரங்களை வெட்டித் தீர்த்தார்கள் என்ற விளக்கத்தை ஜாரெட் டைமண்டின் 2005ஆம் ஆண்டு நூல் உலகறியச் செய்தது. சிலை எப்போதாவது நகர்ந்தது. அடுப்போ நாள்தோறும் எரிந்தது. சிலிக் கரையிலிருந்து சுமார் 3,500 கிலோமீட்டர் தள்ளி, ஏறத்தாழ 164 சதுர கிலோமீட்டரே பரப்புள்ள தீவு அது. விறகு தீர்ந்தால் பக்கத்துத் தீவில் போய் வெட்டிவர வழியில்லை.

அங்கே சமையல் உமு என்னும் குழியடுப்பில் நடந்தது. நெருப்பில் கற்களைக் காய்ச்சி, அவற்றின் சூட்டில் உணவை மூடி வேகவைப்பார்கள். மரம் மட்கிவிடும், கரி மட்காது. கரித்துண்டைக் குறுக்காகவும் நெடுக்காகவும் முறித்து நுண்ணோக்கியில் பார்த்தால், நுண்குழாய்களின் அமைப்பைக் கொண்டு அது எந்த மரம் என்று கண்டறியலாம்.

பிரெஞ்சு ஆய்வாளர் காத்தரின் ஒர்லியாக் இவ்வாறு 30,000க்கும் மேற்பட்ட துண்டுகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலான அடுப்புகளில் மரவிறகே எரிந்திருக்கிறது. அவர் அடையாளம் கண்டவற்றில் முன்னை, ருத்திராட்சம், நாவல் ஆகியவற்றின் இனத்து மரங்களும் உண்டு. தமிழ் வாசகருக்குப் பழகிய பெயர்கள், இன்று புல்வெளியாகக் கிடக்கும் தீவில்! சுமார் 1640க்குப் பின் விறகின் இடத்தைப் புல்லும் செடிகொடிகளும் கரும்புச் சக்கையும் பிடித்துக்கொண்டன.

இதைப் பேரழிவின் சான்றாக மட்டும் படிப்பது போதாது. விறகு குறைந்தது உண்மை. அடுப்பு அணையவில்லை என்பதும் உண்மை. 1722இல் வந்திறங்கிய டச்சு மாலுமி ரோக்கவேன், வாழையும் கரும்பும் சர்க்கரைவள்ளியும் விளையும் வளமான நிலத்தையே பதிவு செய்தார். பயிர்க்கழிவை எரிபொருளாக்கிக்கொண்ட உழவர்கள் அத்தீவினர்.

மேலும், எல்லாக் கரியும் அடுப்புக்கரி அல்ல. போய்க்கே தீபகற்பத்தில் மீத், போர்க் ஆகிய ஜெர்மானிய ஆய்வாளர்கள் மண்ணுக்கடியில் கண்ட எரிந்த பனையினத்து அடித்தூர்கள், விளைநிலத்துக்காகக் காட்டுக்குத் தீ வைத்ததைக் காட்டுகின்றன. எலிகள் கொறித்த பனங்கொட்டைகளோ மறுகன்று முளைக்காமல் போனதற்கு இன்னொரு காரணத்தைச் சுட்டுகின்றன. அடுப்புக்கரி காட்டின் கணக்கெடுப்பும் அன்று. எரிக்கத் தகுந்தது என்று மனிதர் பொறுக்கியெடுத்ததன் பதிவு அது. அதில் ஒரு மரம் இல்லை என்பதால் காட்டிலும் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

காலக்கணிப்பிலும் இந்த நுட்பம் வேண்டும். நெடுநாள் வாழ்ந்த மரத்தின் வயிரப்பகுதி, அடுப்பின் உண்மையான வயதைவிடப் பல பத்தாண்டுகள் முந்திய கதிரியக்கக் கரிமத் தேதியைத் தரக்கூடும். அதனால்தான் சுள்ளிகளையும் விதைகளையும் போன்ற குறுகிய ஆயுள் கொண்டவற்றை மட்டும் நம்பி, ஆய்வாளர் வில்ம்ஸ்ஹர்ஸ்ட்டின் குழுவினர் 2011இல் கிழக்குப் பாலினீசியக் குடியேற்றத்தை மறுகணக்கிட்டனர். ஈஸ்டர் தீவுக்கு மனிதர் வந்தது கி.பி. 1200ஐ ஒட்டி என்றே அது காட்டியது. முன்பு கி.பி. 400 வரைகூடப் பின்னோக்கிக் கொண்டுபோயிருந்தார்கள். புதிய கணக்கின்படி, குடியேற்றத்துக்கும் அடுப்பில் புல் எரியத் தொடங்கியதற்கும் இடையே உள்ளவை சுமார் நான்கரை நூற்றாண்டுகள். காட்டழிவின் வேகத்தை இந்தக் கால அளவுக்குள் வைத்தே இனி எடைபோட வேண்டும்.