தமிழ் உரைக்கோப்புகளும் பழைய நிரல்மொழிகளின் வாசிப்புச் சிக்கல்களும்

உரைக்கோப்பு வாசிப்புச் சிக்கல் என்பது, ஃபோர்ட்ரான், கோபால், பாஸ்கல், சி போன்ற பழைய கம்பைலர் மொழிகளில் எழுதப்பட்ட நிரல், வட்டில் பழுதின்றி இருக்கும் கோப்பைத் தவறாக வாசிப்பதையோ பாதியில் நிறுத்திவிடுவதையோ குறிக்கும். தமிழில் இச்சிக்கல் கூடுதல் கடுமையுடன் எழுந்தது. 1980கள் முதல் வெவ்வேறு குறிமுறைகளில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ் நூல்களும் ஆவணங்களும், வாசிக்கும் விதி தெரியாமல் பயனற்றுப்போகும் நிலை உருவானது.

கல்வெட்டும் கோப்பும்

மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலையின் பேச்சிப்பள்ளத்தில், தீர்த்தங்கரர் சிற்பங்களின் கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. இவை கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அச்சணந்தி என்ற துறவியின் தாய் குணமதியார் செய்வித்த திருமேனி பற்றிய குறிப்பும் இவற்றில் உண்டு. மொழி தமிழே ஆயினும், இன்று தமிழ் படிப்பவரால் இவற்றை வாசிக்க இயலாது. பாண்டிய நாட்டில் சோழர் ஆட்சி பரவிய பின் வட்டெழுத்து படிப்படியாக வழக்கொழிந்தது. கல்லில் எழுத்து இருக்கிறது. அதை வாசிக்கும் விதிதான் பொதுவழக்கிலிருந்து மறைந்தது.

கல்வெட்டில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. சொற்களுக்கு இடையே இடைவெளியும் இல்லை. வரி முடியும் இடத்தில் சொல் முடியவேண்டும் என்பதும் இல்லை. எனவே படிப்பவர் முதலில் எழுத்து வகையை உறுதிசெய்கிறார். கணினிக் கோப்பை வாசிக்கும் நிரலும் இதையே செய்யவேண்டும். கோப்பில் இருப்பவை எண்கள் மட்டுமே. எந்த எண் எந்த எழுத்து என்பதை வெற்று உரைக்கோப்பு தானாகச் சொல்வதில்லை.

பழைய மொழிகளின் எடுகோள்கள்

1957இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான், 80 பத்திகள் கொண்ட துளை அட்டைகளை நம்பி அமைந்தது. 1960இல் வந்த கோபாலும் ஒவ்வொரு பதிவுக்கும் நிலையான நீளத்தை எதிர்பார்த்தது. 1963இல் வெளியான ஆஸ்கி தரம் 128 குறிகளை மட்டுமே கொண்டிருந்தது. 1972 அளவில் பெல் ஆய்வகத்தில் உருவான சி மொழியில் ஓர் எழுத்து என்பது ஒரு பைட்டு. ஆங்கிலத்துக்கு இந்த எடுகோள்கள் போதுமானவையாக இருந்தன.

தமிழ் இதற்குள் அடங்கவில்லை. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல், கோப்பில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே பதிவாகிறது. திஸ்கி குறிமுறை முதல் 128 இடங்களை ஆங்கிலத்துக்கு விட்டு, மீதியில் தமிழ் வடிவங்களை வைத்தது. அதன் தொடக்கப் பதிப்புகளில் ‘இ’ 173ஆம் இடத்தில் இருந்தது. பல மென்பொருள்கள் அந்த எண்ணை மறைந்திருக்கும் இணைப்புக்கோடாகக் கருதியதால் ‘இ’ திரையில் காணாமல்போனது, 1.7ஆம் பதிப்பில் அதற்கு 254ஆம் இடம் கிடைத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தாம், தாப் என்னும் வேறு இரு குறிமுறைகளைத் தமிழக அரசு ஏற்றது.

வழக்கமான பழுதுகள்

*கோப்பு திறக்காமை:* சி மொழியில் பின்சாய்கோட்டை அடுத்து ‘டி’ என்ற ஆங்கில எழுத்து வந்தால் அது தத்தல் குறி. ‘என்’ வந்தால் புதிய வரி. கோப்புறையின் பெயர் அந்த எழுத்துகளில் தொடங்கினால் கம்பைலர் பாதையை மாற்றிப் புரிந்துகொள்ளும். பின்சாய்கோட்டை இருமுறை இடுவதே தீர்வு.

*கோப்பு காலியாகத் தோன்றுதல்:* சி மொழி கோப்பின் முடிவைப் பெரும்பாலும் −1 என்ற மதிப்பால் தெரிவிக்கிறது. டர்போ சி போன்ற கம்பைலர்களில் ஒரு பைட்டு மாறி −128 முதல் 127 வரையே கொள்ளும். ஆகவே 255 என்ற பைட்டும் அதில் −1 ஆகிவிடும். விண்டோசின் நோட்பேடில் முன்பு ‘யூனிகோடு’ என்ற தெரிவில் சேமித்த கோப்பின் முதல் பைட்டே 255. நிரல் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடும். வாசித்த மதிப்பை முழுஎண் மாறியில் வைத்தால் இது நிகழாது.

*சொற்கள் பொருந்தாமை:* டாஸ் முறையில் வரி முடிவுக்கு 13, 10 என இரு பைட்டுகள். யுனிக்சில் 10 மட்டும். பழைய மெக்கின்டாஷில் 13 மட்டும். டாஸ் கோப்பை யுனிக்சில் வாசித்தால் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் கண்ணுக்குத் தெரியாத 13 ஒட்டிக்கொள்ளும். ஒரே சொல் இருவேறு சொல்லாகத் தோன்றும்.

*எழுத்து பாதியில் முறிதல்:* யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறிகளாகி 15 பைட்டு இடம் பெறுகிறது. 80 பைட்டுப் பதிவில் 26 குறிகள் முழுதாக அடங்கும், அடுத்தது வெட்டுப்படும்.

*கடைசி வரி இருமுறை வருதல்:* வாசிக்க முயன்று தோற்ற பிறகே சி மொழி கோப்பு முடிந்ததை அறிவிக்கும். முடிவை முன்கூட்டிச் சோதிக்கும் நிரல், பழைய வரியையே மீண்டும் அச்சிடும். ஒவ்வொரு வாசிப்பும் வெற்றியா என்று சோதிப்பதே சரியான முறை.

கண்டறியும் முறை

நிரலைத் திருத்துமுன் கோப்பின் பைட்டுகளை எண்களாகப் பார்ப்பது முதற்படி. தொடக்கத்தில் 239, 187, 191 இருந்தால் அது யூடிஎஃப்-8. 255, 254 இருந்தால் யூடிஎஃப்-16. 224ஐ அடுத்து 174 அல்லது 175 திரும்பத் திரும்ப வந்தால், தொடக்கக் குறி இல்லாவிட்டாலும் அது யூடிஎஃப்-8 தமிழ்தான். 127க்கு மேற்பட்ட எண்கள் வேறு வகையில் மிகுந்திருந்தால் திஸ்கி, தாப் போன்றவற்றைச் சோதிக்கலாம். எல்லாம் ஆங்கில எழுத்துகளாகவே இருந்தும் பொருள் தராவிட்டால் பாமினி வகையாக இருக்க வாய்ப்புண்டு.

அடையாளம் கண்டபின் எண்ணுக்கு எண் மாற்றினால் மட்டும் போதாது. திஸ்கியில் ‘கெ’ என்பதற்குக் கொம்பு முதலிலும் ககரம் பின்னரும் பதிவாகும். ஒருங்குறியில் ககரமே முதலில் வரும். மாற்றி நிரல் இவ்வரிசையையும் திருப்பவேண்டும்.

மதுரைத் திட்டம்

1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்குகிறது. மதுரைத் தமிழ்ச்சங்க மரபை நினைவூட்டும் பெயர் கொண்ட இத்திட்டத்தை, சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்திவந்தார். குறிமுறைகள் மாறியபோது அதன் நூல்களும் திஸ்கிக்கும், பின்னர் ஒருங்குறிக்கும் மாற்றப்பட்டன. மூலக் குறிமுறை எதுவெனத் தெரிந்திருந்ததால் மீண்டும் தட்டச்சு செய்யும் தேவை எழவில்லை.

2010 ஜூன் மாதம் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதனுடன் டேஸ்-16 என்ற குறிமுறைக்கும் ஒப்புதல் அளித்தது. எனினும் பழைய வட்டுகளில் கிடக்கும் கடிதங்கள், சிற்றிதழ்ப் பக்கங்கள், ஆய்வேடுகள் ஒருங்குறிக்குத் தாமாக மாறுவதில்லை. அவற்றை மீட்பதற்கு, எந்த எழுத்துருவில் எந்த மென்பொருளால் தட்டச்சு செய்யப்பட்டது என்ற குறிப்பைக் கோப்புடன் சேர்த்துப் பாதுகாப்பது இன்றியமையாதது.