வரம்பும் செக்ரோலும்

விலைக்கு ஓர் உச்சவரம்பைக் கட்டி, அதற்கு உட்பட்டு நிற்பவர்களுக்கே அரசின் சலுகை என்று விதிப்பது இன்றைய நிதியமைச்சுகளுக்கு மிகவும் பிடித்தமான ஏற்பாடாகிவிட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட மோட்டார் வாகன இறக்குமதியை ஐந்தாண்டுகளின் பின்னர், 2025 பெப்ரவரியில், இலங்கை அரசாங்கம் மீண்டும் அனுமதித்தபோது மின்சாரக் கார்களுக்கு அத்தகைய வரம்பொன்றை வகுத்தது. இறக்குமதிப் பெறுமதி 60 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத மின்கார் ஆடம்பர வரியிலிருந்து தப்பிக்கொள்ளும்; மேற்படுமாயின் மிகையான தொகைக்கு நூற்றுக்கு 60 வீதம் வரி. பெற்றோல் காருக்கோ வரம்பு 50 இலட்சம்; மிகைக்கு நூற்றுக்கு நூறு. புகை கக்காத வண்டிக்குச் சலுகை வேண்டும், ஆனால் செல்வந்தனின் சொகுசுக்கு அது போய்ச் சேரலாகாது என்ற நோக்கத்தை யாரும் குறைகூற முடியாது.

சபரகமுவத் தோட்டங்களிலே வாழும் தொழிலாளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் ஓசையின்றி ஓடும் இந்தக் கார்களை அவன் பார்க்கிறான், அவ்வளவுதான். 2024 செப்டெம்பரில் அவனுடைய அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதில் ஒரு சதமும் செலவழிக்காமல், ஆண்டுக்கு 300 நாள் ‘பேர்’ போட்டு உழைத்தாலும், 60 இலட்சத்தைச் சேர்ப்பதற்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் செல்லும். எனினும், வரம்பு கட்டிச் சலுகை வழங்கும் வித்தை அவனுக்குப் புதியதன்று. கார் வாங்குவோர் இன்று கற்கும் பாடத்தை அவனுடைய பாட்டன் அரிசி மூட்டையின் முன்னே நின்று கற்றிருக்கிறான். வரம்பு எவரைக் கட்டுகிறது, எவரை விட்டுவிடுகிறது என்பதை அறிய விரும்புவோர் அந்தச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

1927-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களுக்கென்றே ஆக்கப்பட்டது. ‘துண்டு’ முறை 1921-இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டுச் சில ஆண்டுகளே சென்றிருந்த காலம். கடனைக் காட்டி ஆளைக் கட்டிவைக்கும் வழி அடைபட்டுவிட்டது. இந்திய அரசாங்கமோ தன் மக்களை அனுப்பவேண்டுமாயின் உத்தரவாதம் வேண்டுமென்று நின்றது. புதிய கூலிவிகிதங்கள் 1929-இல் நடைமுறைக்கு வந்தன. மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32. நடுநாட்டில் 52, 41, 31. கீழ்நாட்டில் 50, 40, 30. எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டப் பக்கத்து இறப்பர்க் காடுகளில் பால் வெட்டியவர்கள் தாழ்ந்த விகிதங்களின் பக்கத்திலேயே நின்றார்கள். இந்தச் சம்பளத்தோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு விதியும் இருந்தது. தோட்டம் வழங்கும் அரிசியின் விலை புசலுக்கு 6 ரூபா 40 சதத்துக்கு மேற்படலாகாது என்பதே அது.

புசல் ஒன்றுக்கு 32 கொத்து. ஆகவே கொத்தொன்று 20 சதம். கீழ்நாட்டு ஆணின் நாட்கூலி இரண்டரைக் கொத்து அரிசி, பெண்ணின் கூலி இரண்டு கொத்து, சிறுவனுடையது ஒன்றரை. கூலியைச் சதத்தில் எழுதினார்களே தவிர, அதை அளந்தது கொத்துதான். தொழிலாளிக் குடும்பத்தின் செலவுக் கணக்கை அடியாகக் கொண்டே கூலி கணிக்கப்பட்டது. அந்தக் கணக்கிலே மிகப் பெரிய வரி அரிசி. எனவே அரிசி வரம்பு, சம்பளத்துக்கு மேலாகக் கிடைத்த சலுகையன்று; சம்பளத்தின் உள்ளேயே ஊறியிருந்த பகுதி. சந்தையில் அரிசி விலை ஏறும்போது அந்த வரம்பு தொழிலாளியைக் காப்பாற்றிற்று என்பதை மறைக்கவேண்டியதில்லை. பர்மாவிலோ வங்காளத்திலோ விளைச்சல் குன்றினால் அதன் சுமையைத் தோட்டக் கம்பனி தாங்கவேண்டியிருந்தது. ஆனால் விலை இறங்கும்போது என்ன நேர்ந்தது?

1930-களின் தொடக்கத்தில் உலகப் பெருமந்தம் வந்தது. இறப்பர் விலை இராத்தலுக்குச் சில பென்ஸ் என்று அடிமட்டத்துக்கு வீழ்ந்தது. கேகாலை மாவட்டத்திலும் இரத்தினபுரி மாவட்டத்திலும் மரங்கள் வெட்டப்படாமல் நின்றன. தொழிலாளர் பலர் கப்பலேற்றப்பட்டனர். அதே வேளையில் அரிசியும் மலிந்தது. வரம்போ, ‘இதற்கு மேல் விற்காதே’ என்றதேயொழிய, ‘வாங்கிய விலைக்குக் கொடு’ என்று சொல்லவில்லை. மலிவின் பயன் தானாகவே தொழிலாளிக்கு வந்து சேரவில்லை. அது வந்தபோது தனியாக வரவில்லை. கூலிக் குறைப்பையும் கைபிடித்து அழைத்துவந்தது. அரிசியின் உச்சவிலை புசலுக்கு 4 ரூபா 80 சதமாக, அதாவது கொத்துக்கு 15 சதமாக இறக்கப்பட்டது; அதைக் காரணம் காட்டிக் குறைந்தபட்சக் கூலியும் வெட்டப்பட்டது.

தோட்டத் துரைமாரின் வாதம் கேட்பதற்கு நேர்மையாகவே ஒலிக்கும். அரிசி காற்பங்கு மலிந்துவிட்டது. அதே கொத்துக் கணக்கு குறைந்த சதத்தில் கிடைக்கிறதே, நட்டம் எங்கே என்பார்கள். நட்டம் அரிசியில் இல்லை, அரிசியல்லாதவற்றில் இருந்தது. சீலை, மண்ணெண்ணெய், கருவாடு, மிளகாய், ஊருக்கு அனுப்பும் காசு, கோயில் திருவிழாவுக்கான வரி ஆகிய இவற்றுக்கு வரம்பு விலை எதுவும் இல்லை. ஒரு பண்டத்தின் விலையிறக்கத்தைச் சாட்டி முழுக் கூலியையும் குறைக்கும்போது, மற்றப் பண்டங்கள் யாவும் விலையேறாமலே விலையேறிவிடுகின்றன. சலுகையையும் கூலியையும் ஒரே முளையில் கட்டினால், சலுகையை அசைப்பவன் கூலியையும் அசைப்பான்.

இந்தக் கணக்கை எழுதியவர் யார் என்பதையும் கவனிக்கவேண்டும். அரிசியை வாங்கியது தோட்டம். விலையைப் பதிந்தது தோட்டம். ஸ்டோரிலே கொத்தால் அளந்து போட்டவர் கணக்கப்பிள்ளை. மாத முடிவில் சம்பளத்திலிருந்து கழித்துக்கொண்டதும் அதே அலுவலகம். செக்ரோல் என்ற அந்தப் பெரிய பேரேட்டில் தொழிலாளியின் வாழ்வு முழுவதும் இருந்தது. அதில் ஓர் எழுத்தைக்கூட அவன் எழுதவில்லை, பெரும்பாலும் வாசிக்கவும் அறியான்.

அடுத்து வந்த காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1942-இல் பர்மா அரிசி நின்றபோது பங்கீட்டு முறை வந்தது; வரம்பு தோட்ட ஸ்டோரிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு மாறிற்று. 1952-இல் சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறும் ஏற்பாடு அது; சபரகமுவ மரங்களின் பால் சீனத்து அரிசியாகத் திரும்பி வந்தது. ஆனால் 1953 ஜூலையில் பங்கீட்டரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12-ஆம் நாள் ஹர்த்தாலும் அதையடுத்துப் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்ததும் வாசகர் அறிந்தவையே.

இருபதாண்டுகளின் பின்னர் 1973–74 உணவு நெருக்கடியில் பங்கீடு வெட்டப்பட்டபோது, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அன்று நிதியமைச்சராக இருந்தவர் என்.எம். பெரேரா. 1934–35 மலேரியாக் கொள்ளையின்போது கேகாலை மாவட்டத்துக் குடிசைகளுக்குப் பருப்புச் சுமந்துபோய் ‘பருப்பு மாத்தயா’ என்று மக்களால் அழைக்கப்பட்டவர். எட்டியாந்தோட்டைத் தொகுதியின் பிரதிநிதி. இடதுசாரி இயக்கத்தின் சரித்திரத்தை எழுதுவோர் இந்த இரு பக்கங்களையும் சேர்த்தே எழுதவேண்டும். ஒன்றைக் கிழித்தெறிந்து மற்றதை மட்டும் வாசிப்பது நமக்கு நாமே செய்யும் வஞ்சனை.

நமது விஷயத்துக்கு மிக நெருங்கிய அத்தியாயம் 1978-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ஜனவரியில் பங்கீட்டரிசி எல்லோருக்கும் உரியது என்ற நிலை ஒழிந்தது. மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கே அது என்றாயிற்று. 1979 செப்டெம்பரில் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. பொருளின் விலைக்கு இருந்த வரம்பு இப்போது மனிதனின் வருமானத்துக்கு வந்துவிட்டது. ஏழைக்கு மட்டும் உதவி என்ற சொல் காதுக்கு இனிமையானது. ஆனால் ஏழை யார் என்று எந்த ஏட்டைப் பார்த்துத் தீர்மானிப்பது?

நாட்டின் ஏனைய பகுதிகளில் வருமானத்தை மனிதன் தானே சொன்னான். கமக்காரனின் விளைச்சலையோ, கடைக்காரனின் இலாபத்தையோ எந்த உத்தியோகத்தர் எண்ணிப் பார்க்க முடியும்? மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப்பேர் முத்திரை பெற்றார்கள். இரத்தினபுரியில் அது மாணிக்கக் கல் வியாபாரம் செழித்த பத்தாண்டு. மடித்த துணிக்குள்ளே கைமாறும் கல்லுக்குப் பற்றுச்சீட்டு ஏது? ஆனால் அதே மாவட்டத்தில், மேட்டிலே உள்ள லயத்தில், வருமானம் சதம் பிசகாமல் எழுதப்பட்டிருந்தது. கணவன், மனைவி, சிலவேளை வளர்ந்த மகள் என்று இரண்டு மூன்று பேர் ஒழுங்காக வேலைக்குப் போன குடும்பத்தின் சம்பளம் செக்ரோலிலே வரம்பைத் தாண்டி நின்றது. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்துறங்கிய குடும்பம் ஏட்டின்படி ஏழையன்று. இவ்வாறு தோட்டமக்கள் பெருமளவில் முத்திரைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். முத்திரை பெற்றவர்களும் நெடுநாள் மகிழவில்லை. அதன் ரூபாப் பெறுமதி அசையாமல் நிற்க, கடை விலை மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று.

300 ரூபா வரம்பு ஒரு செங்குத்துப் பாறை போன்றது. விளிம்பில் நிற்பவனுக்கு எல்லாம் உண்டு. ஓரடி தாண்டியவனுக்கு எதுவும் இல்லை. மின்வாகனச் சலுகைகளிலும் இதே பாறையைப் பல நாடுகள் நட்டிருக்கின்றன. ஆனால் அங்கே நின்றவர்கள் வேறு வகையினர். இந்தியாவில் 2019-இல் தொடங்கிய ‘ஃபேம்’ இரண்டாம் கட்டத் திட்டத்தின்படி, ஆலைவிலை ஒன்றரை இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத மின்சார ஸ்கூட்டருக்கே அரசு மானியம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகள் உட்பட உற்பத்தியாளர் சிலர் என்ன செய்தார்கள்? மின்னேற்றியையும் மென்பொருளையும் வண்டியிலிருந்து பிரித்துத் தனிப்பட்டியல் போட்டார்கள். ஏட்டிலே விலை வரம்புக்குள் நின்றது. வாங்கியவன் கொடுத்ததோ அதைவிட அதிகம். 2023-இல் விசாரணை எழுந்தபின் அந்தப் பணத்தை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

வரம்பினால் நன்மையே விளைவதில்லை என்று சொல்வதும் சரியாகாது. அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் 7,500 டொலர் வரிக்கழிவை 55,000 டொலருக்கு உட்பட்ட கார்களுக்கும் 80,000 டொலருக்கு உட்பட்ட பெரிய வண்டிகளுக்கும் வரையறுத்தது. 2023 ஜனவரியில் டெஸ்லா கம்பனி ஒரு வகைக் காரின் விலையை ஏறத்தாழ 66,000 டொலரிலிருந்து 53,000 டொலருக்கு இறக்கிற்று. வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், வரம்பின் இழுப்பை அதில் காணாதிருக்க முடியாது. கூடவே, எது கார், எது பெரிய வண்டி என்ற சர்ச்சையும் மூண்டு, அடுத்த மாதமே அரசு தன் வகைப்பாட்டை மாற்றிக்கொண்டது. 2025 செப்டெம்பர் 30-உடன் அந்த வரிக்கழிவு முடிவுற்றது. அரசையே இலக்கணம் மாற்றச் செய்யும் வல்லமை விலைப்பட்டியலைத் தன் கையால் எழுதுபவனுக்கு உண்டு. இலக்கணத்தை மாற்றித் தரும்படி செக்ரோலில் இருந்தவன் எவரிடம் போய்க் கேட்பான்?

இலங்கையின் 60 இலட்ச வரம்பு பாறையன்று, சரிவு. மிகையான தொகைக்கே வரி. அந்த வகையில் அது மேலானது. ஆயினும் இங்கும் ஏடு இறக்குமதியாளனுடையதே. சில மின்கார்களின் மோட்டார் வலு குறைத்துக் காட்டப்பட்டதா என்று 2025-இல் சுங்கத் திணைக்களம் கேள்வி எழுப்பிற்று, வண்டிகள் தடுத்துவைக்கப்பட்டன, விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. குற்றம் உண்டா இல்லையா என்பது நமது விஷயமன்று. தன் ஏட்டின் எழுத்துக்காக நீதிமன்றத்தில் வாதாட அவனுக்கு ஆள் உண்டு என்பதே இங்கு குறிக்கத்தக்கது. கொழுந்து நிறை குறைந்ததென்று அரைப்பேர் போடப்பட்ட பெண்ணுக்கு, மாலையில் தராசடியில் நிற்கும் கணக்கப்பிள்ளையே நீதிமன்றம்.

தோட்டத்துக்குத் தெரிந்த மோட்டார் வாகனம் முச்சக்கர வண்டிதான். நள்ளிரவில் பிரசவ வேதனையோடு காவத்தைக்கோ தெரணியகலைக்கோ போகவேண்டிய பெண்ணை ஏற்றிச் செல்வது அதுவே. பரீட்சை நாளில் பிள்ளைகளை இறக்கிவிடுவதும் அதுவே. பெரும்பாலும் தோட்டத்திலேயே பிறந்து, கடனுக்கு வண்டி எடுத்த இளைஞன் ஒருவனே அதை ஓட்டுகிறான். 2022-ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியின்போது கியூஆர் அட்டை வழியாகப் பெற்றோல் பங்கிடப்பட்டது. அதன் முதல் வாரங்களில் காருக்கு 20 லீற்றர். முச்சக்கர வண்டிக்கு 5.