முன்பணத்துக்குச் சிறை, கூலிபாக்கிக்கு வாய்தா



தோணிரேவு என்ற பெயரிலேயே அந்த ஊரின் தொழில் இருக்கிறது. ரேவு என்றால் துறை, தோணி வந்து கட்டும் இடம். பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் மீன், இறால், பூநாரை, டச்சுக் கோட்டை என்று எழுதுவார்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது வீடு. இன்னும் சரியாகச் சொன்னால், வீட்டைக் கட்டிக் கொடுத்தவருக்கு வராமல் நிற்கிற பாக்கி.

சென்னையின் வீடுகளுக்கும் இந்த ஏரிக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதிய பளபளப்பான மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பில் பூசியது. ஏரியில் அள்ளிய சிப்பியும் ஸ்ரீஹரிகோட்டா காட்டின் விறகும் பக்கிங்காம் கால்வாய் வழியே படகில் பட்டணத்துக்குப் போயின. அந்தக் கால்வாயின் நகர்ப்பகுதியை வெட்டியதும் 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரணக் கூலிக்கு வந்த ஜனங்கள்தான். பூச்சை வியந்தவர்கள் உண்டு. சிப்பி அள்ளியவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று எழுதி வைத்தவர்கள் குறைவு.

ஏரிக்குள் யார் எங்கே வலை போடலாம் என்பதைப் 'பாடு' முறை தீர்மானிக்கிறது. பட்டினவர் ஊர்கள் தங்களுக்குள் சீட்டுப் போட்டு இறால் கிடைக்கும் இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. தலித்துகளும் இருளர்களும் அந்தப் பாட்டுக்கு வெளியே நிற்பவர்கள். கையால் தடவி இறால் பிடிப்பது, கரையோரம் சிறு வலை வீசுவது, அதுவும் போதாத நாளில் கூலி. முகத்துவாரம் தூர்ந்து மீன் குறைந்தபோது, வடக்கே ராக்கெட் தளமும் தெற்கே அனல்மின் நிலையமும் துறைமுகமும் வந்தபோது, கூலி நாட்கள் கூடின. பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் சித்தாள் வேலை, சென்ட்ரிங் வேலை, பூச்சு வேலை. ஏரியில் பங்கில்லாதவர் போய்ச் சேர்கிற கரை பெரும்பாலும் கட்டிட வேலைதான்.

அங்கே சண்டை எப்படி வருகிறது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். 800 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 400 ரூபாய் லேபர் காண்ட்ராக்ட். மேஸ்திரிக்கு மொத்தம் 3,20,000. பேஸ்மட்டத்துக்கு இவ்வளவு, லிண்டல் மட்டத்துக்கு இவ்வளவு, ரூஃப் போட்டால் இவ்வளவு, பூச்சு முடிந்தால் மிச்சம் என்று பேச்சு. எழுத்து கிடையாது. அதிகம் போனால் ஒரு பாக்கெட் நோட்டில் கிறுக்கல். எல்லாம் முடிந்து கடைசி 40,000 வரும் நேரத்தில் பில்டர் சொல்வார்: "பூச்சில் விரிசல் இருக்கிறது. படிக்கட்டு சரியில்லை. வீட்டுக்காரரே எனக்கு இன்னும் கொடுக்கவில்லை." மேஸ்திரிக்கு இந்த வேலையில் நிற்கவேண்டிய லாபம் 25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் போய், மேலும் 15,000 குறைகிறது. அந்த 15,000 எங்கிருந்து வரும்? கடைசி இரண்டு சனிக்கிழமைச் சம்பளத்திலிருந்து வரும். கொத்தனாருக்குப் பாதி, பெரியாளுக்குக் கொஞ்சம். சித்தாள் பெண்ணுக்கு "அடுத்த சைட்டில் சேர்த்துத் தருகிறேன்மா". மேலே இரண்டு பேருக்கு இடையே நடக்கிற பணத் தகராறு கீழே மூன்றாவது ஆளின் அடுப்பில் வந்து முடிகிறது.

இதைப் பில்டரின் கெட்ட குணம் என்றோ மேஸ்திரியின் ஏமாற்று என்றோ சொல்லி விட்டுவிடலாம். கெட்டவர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். இந்தத் தொழிலில் மட்டும் அந்தக் கெடுதி ஏன் இவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்று கேட்டால் வரலாற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது.

1859இல் பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் போட்டது. அந்த ஆண்டின் 13ஆம் சட்டம், கைவினைஞரும் வேலையாளும் கூலியாளும் ஒப்பந்தத்தை மீறினால் தண்டிப்பதற்கானது. கல்கத்தா வியாபாரிகள் கேட்டு வந்தது. முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்குப் போட்டுப் பிறகு மற்ற பகுதிகளுக்கும் நீட்டினார்கள். முன்பணம் வாங்கியவர் வேலையைச் செய்யவில்லை என்று முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுத்தால் போதும். பணத்தைத் திருப்பிக் கொடு, அல்லது வேலையை முடி என்று உத்தரவு வரும். இரண்டில் எது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் முதலாளிக்கே. உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல்.

எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். வேலையை முடித்தவருக்கு முதலாளி கூலி தரவில்லை என்றால் அந்தச் சட்டத்தில் அவருக்கு ஒரு நாள் சிறையும் இல்லை. அது சிவில் வழக்கு. முத்திரைக் கட்டணம், வக்கீல், வாய்தா. ஒரே ஒப்பந்தம், இரண்டு கைகள். ஒரு கை தவறினால் குற்றம், மறு கை தவறினால் கடன். 1925இல்தான் இந்தச் சட்டத்தை ரத்து செய்யும் சட்டம் வந்தது. கூலியைக் காலத்தில் கொடுக்கச் சொல்லும் சட்டம் 1936இல் வந்தது. அதுவும் முதலில் ஆலைகளுக்கும் ரயில்வேக்கும்தான். கட்டிட வேலை பிறகே சேர்ந்தது. முன்பணத்தின் குற்றத்தன்மை ஏட்டிலிருந்து போனாலும் பழக்கத்திலிருந்து போகவில்லை. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் முன்பணம் வாங்கிய குடும்பம் இடையில் கிளம்பினால் ஆள் அனுப்பி இழுத்து வருகிற வழக்கம் 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. அந்தச் செங்கல்தான் வீட்டுக்கு வருகிறது என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

1872இன் ஒப்பந்தச் சட்டத்தில் 170ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. சட்டம் படிக்கிற மாணவர்கள் இதை எடுத்துப் பார்க்க வேண்டும். வைரத்தைப் பட்டை தீட்டக் கொடுத்தால், கூலி வரும்வரை வைரத்தைத் தராமல் வைத்துக்கொள்ள அந்தத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. துணி தைக்கக் கொடுத்தால் தையற்காரருக்கும் அப்படியே. சட்டமே சொல்லும் உதாரணங்கள் இவை. கொத்தனாருக்கு இது கிடையாது. அவர் செய்த பொருள் வேறொருவரின் நிலத்தில் வேர் பிடித்து நிற்கிறது. கடைசிச் செங்கல் வைத்த நிமிடத்தில் அது அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. கிரகப்பிரவேசம் முடிந்த பிறகு, கட்டிய ஆள் கூடத்துக்குள் கால் வைக்க முடியாத வீடுகளும் நமக்குத் தெரியும்.

வேறு நாடுகளில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் 1791இல், வாஷிங்டன் தலைநகர் எழும்பிக்கொண்டிருந்த நேரத்தில், கட்டியவருக்குப் பணம் வராவிட்டால் அந்தக் கட்டிடத்தின் மீதே அவருக்கு உரிமை என்று சட்டம் போட்டது. அதற்கு ஆதரவாக நின்றவர்களில் ஜெபர்சனும் மாடிசனும் உண்டு. நல்ல சட்டம். ஆனால் அதே தலைநகரில் கல் உடைத்த, மரம் அறுத்த கறுப்பின அடிமைகளுக்கான கூலி அவர்களின் எஜமானர்கள் கையில் கொடுக்கப்பட்டது. கட்டியவர் யார் என்று சட்டம் யாரை எண்ணுகிறதோ அவருக்குத்தான் உரிமை. டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலிருந்து படேவியாவுக்குக் கப்பலில் ஏற்றிய அடிமைகளையும் இதோடு சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வேலை வாங்குகிறவர் ஒருவர், கூலி கொடுக்க வேண்டியவர் வேறொருவர் என்கிற ஏற்பாட்டின் சாதிப் பொருளை நமக்குத் தெளிவாகக் காட்டியவர் அண்ணல் அம்பேத்கர். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த மஹார் வதன் மசோதாவின் மையம் இதுதான். மஹார்கள் செய்தது அரசாங்க வேலை. அதற்கான ஊதியத்தின் பெரும்பகுதி ஊராரிடமிருந்து தானியமாக வர வேண்டும். ஊர் கோபித்துக்கொண்டால் தானியம் நிற்கும். ஆகவே கூலியை நிறுத்துவது சாதிக் கட்டுப்பாட்டின் ஆயுதமானது. நம் ஊர்களில் தோட்டிக்கும் வெட்டியானுக்கும் களத்து நெல் நின்ற கதைகளை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பில்டர், மேஸ்திரி, சித்தாள் என்ற சங்கிலி அந்த ஏற்பாட்டின் நகரத்துப் பதிப்பு. கேட்கப் போனால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டலாம்.

1982 செப்டம்பர் 18இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சங்கிலியைக் கொஞ்சம் தொட்டது. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானங்களைப் பற்றி மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான அமைப்பு தொடுத்த வழக்கு அது. ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி 9.25 ரூபாய். ஜமேதார் என்கிற இடைத்தரகர் ஆளுக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டார். பெண்களுக்கு 7 ரூபாய்தான் கைக்கு வந்தது. நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றது. பசி துரத்தி வேலைக்கு வருவதும் கட்டாயம்தான் என்று ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்ட இடம் அது. அந்த ஆண்டே தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. கட்டிடத் தொழிலாளர் சங்கங்கள் 1985 முதல் வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் அகில இந்தியச் சட்டத்துக்காக இயக்கம் நடத்தின. 1994இல் தமிழ்நாட்டில் நலவாரியம். 1996இல் மத்தியச் சட்டமும், கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் முதல் இரண்டு சதவீதம் வரை நலவரி வாங்கும் சட்டமும்.

இவை பெரிய வெற்றிகள், சங்கத் தோழர்கள் தெருவில் நின்று வாங்கியவை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாரியம் செத்தால் பணம் தருகிறது, கல்யாணத்துக்குத் தருகிறது, வயதானால் ஓய்வூதியம் தருகிறது. உயிரோடு வேலை செய்த வாரத்தின் பாக்கியை வாங்கித் தருவதில்லை. வரைபட அனுமதியின்போதே நலவரியை வசூலிக்கத் தெரிந்த அரசுக்கு, அதே மேசையில் கூலிக்கு ஒரு வைப்புத்தொகை கேட்கத் தெரியாதா என்ன?

சட்டத்தின் வாசற்படிகளையும் பாருங்கள். 1970இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்றது. அருமையான விதி. ஆனால் 20 பேர் வேலை செய்ய வேண்டும். 1996 சட்டத்துக்கு 10 பேர். சொந்தக் குடியிருப்புக்காக 10 லட்சத்துக்குள் கட்டுகிறவர் அதற்கும் வெளியே. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புகளில் 20 என்பது 50 ஆனது, 10 லட்சம் 50 லட்சம் ஆனது. ஒரு கொத்தனார், இரண்டு பெரியாள், மூன்று சித்தாள் என்று நடக்கிற வீட்டு வேலை எந்தப் படியிலும் ஏறாது.

நம் தெருவுக்கே வருவோம். பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில் ஒப்பந்தக்காரரை அமர்த்தக் கூடாது, பயனாளியே கட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. முன்பிருந்த இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்திலும் அப்படித்தான். காலையில் ஏரிக்கோ கூலிக்கோ போகிற பெண் எப்படித் தானே கட்டுவார்? உறவுக்கார மேஸ்திரியிடம் விடுவார். தவணை அரசிடமிருந்து தாமதமாகும். மேஸ்திரி கடனில் சிமென்ட் எடுப்பார். லிண்டல் மட்டத்தில் வேலை நிற்கும். அந்த அம்மாவும் நம்மவர், மேஸ்திரியும் நம்மவர், சம்பளம் வராத சித்தாளும் நம்மவர். தவணை விட முதலில் சுவரைப் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். சுவர் எழுப்பியவருக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. விதிப்படி மேஸ்திரியே இல்லாததால் அவருடைய பாக்கியும் இல்லை. இங்கே நம் இயக்கங்கள் பெரும்பாலும் மௌனமாக இருந்திருக்கின்றன. பில்டர் வேறு சாதியாக இருந்தால் கொடி பிடிக்கிறோம். மேஸ்திரி நம் தெருக்காரராக இருந்தால் "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறோம். பேசித் தீர்ப்பதில் சித்தாள் பெண் ஒரு நாளும் உட்கார வைக்கப்பட்டதில்லை.

இப்போதைக்குக் கையில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019இன் ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்கு ஆள் எண்ணிக்கை வரம்பு இல்லை. பாக்கிக் கூலிக்கு மூன்று ஆண்டுக்குள் மனுப் போடலாம். தொழிலாளி தனியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை, பதிவு பெற்ற சங்கம் அவருக்காகப் போடலாம். அதிகாரி பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கலாம். வேலை கொடுத்தவர் தராவிட்டால் நிறுவனத்தின் உரிமையாளர் பொறுப்பு என்கிறது 43ஆம் பிரிவு. தன் வீட்டைக் கட்டிக்கொள்கிறவரை அந்தச் சொல்லுக்குள் கொண்டுவர முடியுமா என்பதில் வக்கீல்கள் சண்டை போடுவார்கள். வீடு கட்டி விற்கிற பில்டரைக் கொண்டுவருவதில் அவ்வளவு சிரமமில்லை. எப்படியானாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்தத் தேதியில், எந்த சைட்டில், யார் வேலை செய்தார்கள். அதை இன்று எழுதி வைத்திருப்பது மேஸ்திரியின் பாக்கெட் நோட்டு மட்டும். இங்கே வந்திருக்கும் மாணவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஒருவராவது கட்டிட வேலைக்குப் போகிறவர் இருப்பார். இன்றிரவு அவரிடம் இந்த வாரத்து நாட்களைக் கேட்டு இன்னொரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். சித்தாளின் பெயரையும், அவர் வாங்கிய தொகையையும், வாங்காத தொகையையும் சேர்த்து எழுதுங்கள்.