மண் இறுகிய கதை: நாட்டுக் கலப்பை முதல் அறுவடை மெஷின் வரை

பி.காம் வகுப்பில் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள். கட்டடத்துக்குத் தேய்மானம் உண்டு, மெஷினுக்கு உண்டு, உட்காரும் நாற்காலிக்குக்கூட உண்டு. நிலத்துக்கு மட்டும் கிடையாது. நிலம் தேயாது என்பது கணக்குப் பதிவியலின் நம்பிக்கை. எங்கள் களக்காட்டுப் பக்கம் வயலில் மம்பட்டி பிடித்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். மேலே அரை அடிக்கு மம்பட்டி அல்வாவில் இறங்குவது மாதிரி இறங்கும். அதற்குக் கீழே 'ணங்' என்று நிற்கும். அந்த 'ணங்'குக்கு ஒரு வரலாறு இருக்கிறது. காமர்ஸ்காரனுக்கு மண்ணில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்கக்கூடாது :-)

முதலில் கொஞ்சம் அறிவியல். நல்ல மண்ணைக் கையில் அள்ளினால் அதில் ஏறக்குறையப் பாதிதான் மண். மீதிப் பாதி வெறும் இடைவெளி. சின்ன இடைவெளிகளில் தண்ணீர் தங்கும், பெரிய இடைவெளிகளில் காற்று இருக்கும். மேலே எடை ஏறினால் முதலில் நசுங்குவது இந்தப் பெரிய இடைவெளிகள்தான். அதோடு தண்ணீர் இறங்குவது நிற்கும், வேருக்கு மூச்சு முட்டும், மண்புழு இடத்தைக் காலி செய்யும். போட்ட யூரியாவிலும் ஒரு பங்கு காற்றில்லாத மண்ணில் பாக்டீரியாக்களால் வாயுவாக மாறிப் பறந்துவிடும். மணிச்சத்து இன்னும் மோசம். அது மண்ணில் நகராது, வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். வேரே போக முடியாவிட்டால் மூட்டை மூட்டையாகப் போட்டு என்ன பயன்? ஒரு கன சென்டிமீட்டர் மண் 1.3 கிராம் அளவில் இருந்தால் வேருக்குச் சௌகரியம். களிமண்ணில் அது 1.5 கிராமை நெருங்கினாலே வேர் திணற ஆரம்பித்துவிடும். மணல் மண் 1.7 வரைகூடத் தாங்கும்.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம். மண் எப்போதும் ஒரே மாதிரி இறுகாது. காய்ந்த மண் எடையைத் தாங்கிக்கொள்ளும். நல்ல ஈரம் இருக்கும்போது அதே எடை பட்டால் அப்பளமாகிவிடும். இதைத்தான் நம் ஆட்கள் 'பதம்' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்கள்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். தாமிரபரணிப் பாசனத்தில் மண்ணை இறுக்கியது முதலில் டிராக்டர் இல்லை, நாம்தான். அதுவும் வேண்டுமென்றே! ஆற்றில் உள்ள எட்டு அணைக்கட்டுகளில் ஏழு ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே கட்டப்பட்டவை. ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19-ம் நூற்றாண்டில் வந்தது. அவ்வளவு காலமாகக் காரும் பிசானமுமாக நெல் விளைந்த பூமி இது. தண்ணீர் கட்டி, தொளி உழுது, மாடுகளை மிதிக்கவிட்டு, மரம் அடித்துச் சமப்படுத்துவார்கள். மேலே குழம்பு. கீழே கலப்பைக் கொழுவும் குளம்பும் பட்டுப் பட்டு ஒரு கெட்டித் தட்டு. இந்தத் தட்டு இல்லாவிட்டால் வாய்க்காலில் வந்த தண்ணீர் எல்லாம் பாதாளத்துக்குப் போய்விடும். நெல்லுக்கு இதனால் கஷ்டமும் இல்லை. அது இலை வழியாகக் காற்றை உள்ளே இழுத்துத் தண்டின் குழாய்கள் வழியே வேருக்கு அனுப்பிவிடும். ஆக, நஞ்சை நிலத்தின் மதிப்பே அந்தக் கெட்டித் தட்டில்தான் இருந்தது. முக்கூடற்பள்ளு மாடுகளையும் நெல் வகைகளையும் பட்டியல் போடுகிறது. அந்த மாடுகள் நடந்து நடந்து உண்டாக்கிய சொத்து இது.

இங்கே ஒரு பொய்யை உடைத்துவிட வேண்டும். மாடு பஞ்சுபோல் நடந்தது, டிராக்டர் வந்துதான் மண்ணைக் கெடுத்தது என்று பலரும் எழுதுகிறார்கள். 300, 400 கிலோ மாடு நாலு சின்னக் குளம்புகளில் நிற்கிறது. ஒரு சதுர அங்குலத்தில் அது கொடுக்கும் அழுத்தம் டிராக்டர் டயரின் அழுத்தத்துக்குக் குறைந்தது இல்லை. வித்தியாசம் ஆழத்தில்தான். மேல்மண் எவ்வளவு நசுங்கும் என்பதை டயரின் அழுத்தம் முடிவு செய்யும். அடிமண் எவ்வளவு நசுங்கும் என்பதை அச்சின் மேல் இறங்கும் மொத்த எடை முடிவு செய்யும். மாட்டின் எடை சில அங்குலத்தோடு நின்றுவிட்டது. அதையும் கோடை வந்து சரிசெய்தது. வெயிலில் வயல் பாளம் பாளமாக வெடிக்கும், வெடிப்பில் காற்று போகும், கோடை உழவில் கட்டி உடையும். உழுத மண்ணைக் கால்வாசியாகக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் இல்லாமலே பயிர் விளையும் என்று வள்ளுவர் உழவு அதிகாரத்தில் சொல்வதை நான் இப்படித்தான் படிக்கிறேன். போதாததற்கு மலையடிவாரத்துத் தழையும் தொளியில் மிதிபட்டது. தழை மக்கிய மண் சுலபத்தில் இறுகாது. 1988-ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு காட்டுக்குள் போய்த் தழை வெட்டுவது பழையபடி இல்லை. காட்டுக்கு நல்லதுதான். ஆனால் தழைக்கு மாற்றாகக் கொழிஞ்சியும் தக்கைப்பூண்டும் எத்தனை வயலில் விதைக்கப்படுகின்றன?

இப்போது சீமைக்கு ஒரு நடை போய் வருவோம், காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஜான் ஃபௌலர் என்பவர் நீராவி எஞ்சினால் உழும் முறையைக் கண்டுபிடித்து 1858-ல் ராயல் விவசாயக் கழகத்தின் 500 பவுண்டு பரிசை வாங்கினார். அவருடைய எஞ்சின் வயலுக்குள் இறங்காது! வரப்போரத்தில் நிற்கும், கம்பி வடத்தால் கலப்பையை மட்டும் இழுக்கும். பிற்பாடு வயலின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு எஞ்சின் நிறுத்தினார்கள். பத்து டன்னுக்கு மேற்பட்ட இரும்பை ஈர மண்ணில் இறக்கினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசன் 1860-களில் இந்த நீராவிக் கலப்பையையும் வேறு சீமைக் கருவிகளையும் வரவழைத்தார். 1865-ல் சைதாப்பேட்டையில் சோதனைப் பண்ணை தொடங்கியது. நீராவிக் கலப்பை நம் வயல்களில் பரவவில்லை. பண்ணையோடு வளர்ந்த விவசாயப் பள்ளி 1906-ல் கோயம்புத்தூருக்குப் போய், பின்னாளில் வேளாண் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

1960-ல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கியது. பசுமைப் புரட்சி வந்தது, குறுகிய காலப் பயிர்கள் வந்தன. கார் அறுத்த கையோடு பிசானத்துக்கு வயல் தயாராக வேண்டும். மாடு கட்டி மெதுவாக உழ நேரம் இல்லை, ஆளும் இல்லை. டிராக்டர் வந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஒன்றரை இரண்டு டன் டிராக்டர் கேஜ் வீல் மாட்டிக்கொண்டு தொளிக்குள் சுற்றியது. அப்புறம் ரோட்டவேட்டர். மேலே நாலைந்து அங்குலத்தை மாவாக்கிவிட்டு, அதற்குக் கீழே கத்தியால் தேய்த்துத் தேய்த்து மெழுகியது போல் விட்டுப்போகும். 2000-க்குப் பிறகு அறுவடை மெஷின்கள் பெருகின. பெல்ட் வண்டி சுமார் 3 டன். எடை பரந்து இறங்குவதால் தேவலை. டயர் வண்டியோ அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அடியில் இறுகிய மண் பல வருடம், சில இடங்களில் பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும். நம் உழவு அந்த ஆழத்துக்குப் போவதே இல்லை.

உலக நிலவரம் இன்னும் வேடிக்கை. கெல்லர், ஓர் என்ற இரண்டு மண் விஞ்ஞானிகள் 2022-ல் எழுதிய கட்டுரையில், 1958-ல் 4 டன் இருந்த அறுவடை மெஷின் 2020-ல் 36 டன் ஆகிவிட்டது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பூமியில் நடந்ததிலேயே கனமான மிருகங்களான நீள்கழுத்து டைனோசர்களின் எடைக்கு இது சமமாம். உலகப் பயிர் நிலத்தில் 20 சதவீதம் அடிமண் இறுகும் ஆபத்தில் இருக்கிறது என்கிறார்கள்.

எங்கள் ஊர்க் கதைக்குத் திரும்புவோம். பச்சையாற்றுத் தண்ணீரிலும் குளத்துத் தண்ணீரிலும் நெல் விளைந்த வயல்களில் பல இன்று ஏத்தன் வாழைத் தோட்டங்கள். கேரளாவில் சிப்ஸ் ஆகும் அதே ஏத்தன்தான். நெல்லுக்குச் சொத்தாக இருந்த கெட்டித் தட்டு வாழைக்குக் கடனாகிவிட்டது. வாழை வேருக்கு நெல்லைப் போல் தண்ணீருக்குள் மூச்சுவிடத் தெரியாது. ஒன்றரை அடிக் குழி வெட்டுவதும், வரிசைகளுக்கு நடுவே வடிகால் பறிப்பதும் அந்தத் தட்டை உடைத்து வேருக்குக் காற்று கொடுக்கத்தான். குழியைச் சுருக்கினால் வேர் தட்டில் முட்டிப் பக்கவாட்டில் ஓடும். மேலோட்டமாக ஓடிய வேரோடு தார் சுமந்து நிற்கும் மரத்தின் மேல் காற்று அடித்தால்... செய்தித்தாளில் வருடா வருடம் படிக்கிறோமே, 'சூறைக்காற்றில் வாழைகள் சாய்ந்தன' என்று. எல்லாப் பழியும் காற்றுக்கே போகிறது. முழுப் பழியும் மண்ணுக்கு என்று நானும் சொல்லவில்லை, ஆனால் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

வைத்தியம் இல்லாமல் இல்லை. அடியில் தட்டு விழுந்த நிலத்தை உளிக்கலப்பையால் ஒன்றரை அடி ஆழம், அரை மீட்டர் இடைவெளியில், குறுக்கும் நெடுக்குமாக மூன்று வருடத்துக்கு ஒருமுறை கீறச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். கூடவே ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம். இதே பல்கலைக்கழகம் இன்னொரு பக்கம் என்ன சொல்கிறது தெரியுமா? ஓயாமல் நெல் மேல் நெல் போட்டுப் பொதபொதவென்று ஆன வயலில் 400 கிலோ கல் உருளையை எட்டு முறை உருட்டி இறுக்குங்கள் என்கிறது! முரண்பாடு போலத் தெரியும், ஆனால் இல்லை. எந்தப் பயிருக்கு, எந்த ஆழத்தில், எந்தப் பதத்தில் என்பதுதான் கேள்வி. உருளையையும் சரியான ஈரத்தில்தான் ஓட்டச் சொல்கிறார்கள்.

அந்தப் பதத்தை இன்று யார் பார்ப்பது? மாடு சொந்தமாக இருந்தபோது மண் காயும் வரை இரண்டு நாள் பொறுக்கலாம். செலவு மாட்டுக்கு வைக்கோல்தான். மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை. அது ஊர் ஊராக வரிசையில் வருகிறது. இன்று நம் வயல் ஈரமாக இருக்கிறது, நாலு நாள் கழித்து வா என்றால் அது அடுத்த ஊருக்குப் போய்விடும், நெல் உதிரும், மழை வரும். தாத்தாவிடம் இதைக் கேட்டேன். "ஏல, மண்ணு காஞ்சிருக்கான்னு பாத்தா மெஷின் வருது? மெஷின் வந்திருக்கான்னு பாத்துல்லா அறுக்கோம்" என்றார். அவர் கையில் இருந்த முடிவு வண்டிக்காரரின் டைரிக்குப் போய்விட்டது. வண்டிக்காரரும் பாவம், வங்கித் தவணை கட்டுகிறவர். அவருடைய வண்டிக்குத் தேய்மானம் எழுதலாம்.

உங்கள் வயலைச் சோதிக்க லேப் எல்லாம் வேண்டாம். தண்ணீர் பாய்ச்சி ஒன்றிரண்டு நாள் கழித்து விரல் மொத்தத்தில் ஒரு இரும்புக் கம்பியைக் கையால் மட்டும் அழுத்துங்கள். வண்டி திரும்பும் வரப்போரத்தில் ஒரு இடம், வயல் நடுவே ஒரு இடம். இரண்டிலும் கம்பி எத்தனை அங்குலத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த அறுவடை முடிந்ததும் அதே இடங்களில் மறுபடி அழுத்திப் பாருங்கள்.